வரி கட்டுபவர் ஏமாளியா?

"பெரிய பெரிய ஆட்கள் கோடிக்கணக்கில் ஏமாற்றுகிறார்கள். நான் மட்டும் ஏன் ஒழுங்காக வரி கட்ட வேண்டும்?"

இந்தக் கேள்வியை டீக்கடையில் கேட்டிருப்பீர்கள். பஸ்ஸில் கேட்டிருப்பீர்கள். பேப்பரில் ஊழல் செய்தி வரும் நாளில் எல்லா இடத்திலும் இதே பேச்சுத்தான். நீங்களே கூட இப்படிக் கேட்டிருக்கலாம்.

இது கோபத்தில் வரும் கேள்வி. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபப்பட்டுவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. வரி என்றால் என்ன? அதை யார் கட்டுகிறார்கள்? யார் ஏமாற்றுகிறார்கள்? ஏமாற்றுபவர் நடுவில் நேர்மையாக இருப்பவர் என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நாமும் வரி கட்டுகிறோம்

"எனக்கு என்ன சம்பளம்? நான் எங்கே வரி கட்டுகிறேன்?" என்று பலர் நினைக்கிறார்கள். வருமான வரி கட்டுபவர்கள் மட்டுமே வரி கட்டுகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். அது சரியல்ல.

குளிக்கும் சோப்பை எடுத்துக்கொள்வோம். கடையில் 21 ரூபாய் கொடுத்து ஒரு சோப்பு வாங்குகிறீர்கள். அதில் சோப்பின் விலை 20 ரூபாய். மீதி 1 ரூபாய் வரி. அதற்குச் சரக்கு மற்றும் சேவை வரி என்று பெயர். ஜி.எஸ்.டி. என்று சொல்வார்கள். இந்த வரி 2017 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் வந்தது. சோப்புக்கு முதலில் நூற்றுக்கு 18 ரூபாய் வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது நூற்றுக்கு 5 ரூபாயாகக் குறைந்தது.

அந்த ஒரு ரூபாயில் 50 காசு மத்திய அரசுக்குப் போகும். டில்லியில் வாங்கினால் மீதி 50 காசு டில்லி அரசுக்குப் போகும். சேலத்தில் வாங்கினால் தமிழ்நாடு அரசுக்குப் போகும்.

பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், டீத்தூள், பிஸ்கட், செல்போன், மிக்சி எல்லாவற்றிலும் இப்படி வரி இருக்கிறது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வேறு வரிகள் உண்டு. காய்கறி ஏற்றி வரும் லாரி டீசலில்தான் ஓடுகிறது. அதனால் அந்த வரியும் சுற்றி வந்து நம் தலையில்தான் விழுகிறது.

வீட்டு வேலை செய்யும் அக்காவும் வரி கட்டுகிறார். கட்டட வேலைக்குப் போகும் அண்ணனும் கட்டுகிறார். இட்லிக் கடை வைத்திருக்கும் பாட்டியும் கட்டுகிறார். இவர்களால் ஏமாற்ற முடியாது. வரி சோப்பு விலையிலேயே சேர்ந்து வருகிறது. மாதச் சம்பளக்காரர் பலருக்கும் இதே நிலைதான். சம்பளம் கைக்கு வரும் முன்பே அவர்களுடைய வருமான வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஆக, நேர்மையாக வரி கட்டுபவர் யார் என்று கேட்டால் முதலில் நம்மைத்தான் காட்ட வேண்டும்.

எழுதாத ஒப்பந்தம்

வரியை ஏன் கட்டுகிறோம்? ஊர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள்.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். அந்தப் பணத்தில் பந்தல் போடுவார்கள். மேளம் வைப்பார்கள். கூழ் ஊற்றுவார்கள். தனியாக ஒரு வீட்டுக்காரரால் இதைச் செய்ய முடியாது. எல்லோரும் கொடுத்தால் எல்லோருக்கும் திருவிழா நடக்கும்.

இங்கே ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அதை யாரும் பத்திரத்தில் எழுதவில்லை. நான் என் பங்கைக் கொடுப்பேன். நீ உன் பங்கைக் கொடுக்க வேண்டும். பணத்தை வாங்கி வைப்பவர் சொன்ன செலவைச் செய்ய வேண்டும். திருவிழா முடிந்ததும் ஊர் முன்னால் கணக்குச் சொல்ல வேண்டும். இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஒப்பந்தம்.

நாட்டுக்கும் இதே ஏற்பாடுதான். நம் வரிப்பணம் அரசின் பொது நிதியில் சேர்கிறது. மத்திய அரசு அதிலிருந்து பணம் எடுக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுக்க வேண்டும். மாநில நிதிக்குச் சட்டமன்றம் அனுமதி கொடுக்க வேண்டும். செலவான பிறகு கணக்கைப் பார்க்க ஒரு தனி அதிகாரி இருக்கிறார். அவரைச் சி.ஏ.ஜி. என்பார்கள். அரசு ஒழுங்காகச் செலவு செய்ததா என்று சோதித்து அறிக்கை கொடுப்பது அவர் வேலை.

டில்லியில் சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறார்கள். கார்ப்பரேஷன் பள்ளியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ரேஷனில் அரிசியும் கோதுமையும் கிடைக்கின்றன. தெருவிளக்கு எரிகிறது. இவை எல்லாம் நம் பணத்தில் நடப்பவை. யாரும் தம் சொந்தப் பையிலிருந்து போடும் பிச்சை அல்ல.

ஒப்பந்தத்தை உடைப்பவர்கள்

இந்த ஒப்பந்தத்தை மூன்று வகையில் உடைக்கிறார்கள். தம் பங்கைக் கொடுக்காமல் ஏமாற்றுபவர்கள் ஒரு வகை. வாங்கிய பணத்தைத் திருடுபவர்கள் இரண்டாவது வகை. மூன்றாவது வகையில் அரசே ஏமாற்றியவருக்குச் சலுகை கொடுத்துவிடுகிறது.

முதல் வகையைப் பார்ப்போம்.

ஒரு கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் சரக்கு வாங்கும்போதே வரி கொடுத்திருப்பார். பிறகு அந்தச் சரக்கை நமக்கு விற்கும்போது நம்மிடம் வரி வாங்குகிறார். தான் முன்பு கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியை அரசுக்குக் கட்டினால் போதும். அது நல்ல ஏற்பாடுதான். ஒரே பொருளுக்கு இரண்டு முறை வரி விழாது.

இதில்தான் போலி பில் நுழைகிறது. சிலர் பேருக்கு ஒரு கம்பெனி பதிவு செய்கிறார்கள். அங்கே கடையும் இல்லை, சரக்கும் இல்லை. வெறும் பில் மட்டும் அச்சடித்து விற்கிறார்கள். அந்தப் பில்லை வாங்கியவர் "நான் ஏற்கெனவே வரி கொடுத்துவிட்டேன்" என்று அரசிடம் காட்டுகிறார். 360 ரூபாய் கட்ட வேண்டியவர் 300 ரூபாய்க்குப் போலி பில் காட்டி 60 ரூபாய் மட்டும் கட்டுகிறார். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்பவர் இப்படிச் செய்தால் எவ்வளவு போகும்?

2023 மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் அதிகாரிகள் இதைச் சோதித்தார்கள். பதிவு செய்த முகவரியில் இல்லாத 21,791 கம்பெனிகளைக் கண்டுபிடித்தார்கள். இவற்றால் 24,010 கோடி ரூபாய் வரி ஏய்ப்பு நடந்திருக்கலாம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

அதே 2023-ல் ஜூன் மாதம் டில்லியை ஒட்டியுள்ள நொய்டாவில் போலீசார் ஒரு கும்பலைப் பிடித்தார்கள். அவர்கள் 2,600-க்கும் மேற்பட்ட போலிக் கம்பெனிகளை உண்டாக்கி வைத்திருந்தார்கள். யார் பெயரில் தெரியுமா? விவரம் தெரியாத சாதாரண மக்களின் பான் அட்டை, ஆதார் அட்டை விவரங்களை வைத்து.

இது நமக்கு மிகவும் முக்கியம். "லோன் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன், ஆதார் ஜெராக்ஸ் கொடு" என்று யாராவது வருவார்கள். "போனில் ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லு" என்பார்கள். சொல்லாதீர்கள். நாம் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருப்போம். நம் பெயரில் ஒரு கம்பெனி கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும். கடைசியில் நோட்டீஸ் நம் வீட்டுக்கு வரும்.

மிக்சி வாங்கும் கதை

பெரிய திருட்டைப் பற்றிப் பேசினோம். சின்னதையும் பேசிவிடுவோம்.

ஒரு மிக்சியின் விலை 2,000 ரூபாய். நூற்றுக்கு 18 வீதம் வரி 360 ரூபாய். மொத்தம் 2,360 ரூபாய். கடைக்காரர் மெல்லச் சொல்கிறார்: "பில் வேண்டாம் என்றால் 2,200-க்குத் தருகிறேன்."

நமக்கு 160 ரூபாய் மிச்சம். சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மிக்சி முதலிலிருந்தே கணக்கில் வராத சரக்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அரசுக்கு வர வேண்டிய 360 ரூபாய் வரவில்லை. அதில் 160 நமக்கு. 200 கடைக்காரருக்கு. நமக்குச் சலுகை செய்தவர் நம்மைவிட அதிகமாக எடுத்துக்கொண்டார்.

மிக்சி ஒரு மாதத்தில் ரிப்பேர் ஆனால் என்ன செய்வது? பில் இல்லை. கம்பெனியில் கேட்க முடியாது. "என்னிடம் வாங்கவே இல்லை" என்று கடைக்காரர் சொன்னாலும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

டில்லி அரசு 2016-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பில் கேட்டு வாங்கி அதைப் படம் எடுத்து அனுப்புபவர்களுக்குக் குலுக்கல் முறையில் பரிசு. பரிசு கொடுத்துத்தான் மக்களைப் பில் கேட்க வைக்க வேண்டியிருந்தது. இதிலிருந்து பழக்கம் எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று தெரிகிறது அல்லவா?

அரசே சலுகை கொடுத்தால்?

நேர்மையானவருக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

1997-ல் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. வருமானத்தை மறைத்து வைத்திருப்பவர்கள் தாங்களே முன்வந்து சொல்லலாம். ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை அவகாசம். சொன்ன தொகையில் தனி ஆட்கள் நூற்றுக்கு 30 ரூபாய் வரி கட்ட வேண்டும். கம்பெனிகள் நூற்றுக்கு 35 ரூபாய் கட்ட வேண்டும். அபராதம் இல்லை. வட்டி இல்லை. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இல்லை.

நாலரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்தார்கள். 33,000 கோடி ரூபாய் அளவுக்கு மறைத்த வருமானம் வெளியே வந்தது. அரசுக்கு ஏறக்குறைய 10,000 கோடி ரூபாய் வரி கிடைத்தது.

அரசுக்கு லாபம்தானே என்று தோன்றும். ஆனால் நேர்மையாகக் கட்டியவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதிக வருமானத்துக்கு நூற்றுக்கு 40 ரூபாய் வரி இருந்தது. நேர்மையானவர் அந்தந்த வருடமே 40 கட்டினார். ஏமாற்றியவர் பல வருடம் அந்தப் பணத்தை வைத்து வியாபாரம் செய்தார். பிறகு 30 கட்டிவிட்டு நல்லவர் ஆகிவிட்டார். இது நேர்மையாக வரி கட்டியவர்களுக்குச் செய்த அநியாயம் என்று சி.ஏ.ஜி. அறிக்கையும் கண்டித்தது.

இந்தத் திட்டத்தை எதிர்த்துச் சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். இனிமேல் இப்படிப்பட்ட திட்டம் கொண்டுவர மாட்டோம் என்று அரசு அங்கே உறுதி சொன்னது.

2016-ல் மறுபடியும் ஒரு திட்டம் வந்தது. இந்த முறை மறைத்தவர்கள் நூற்றுக்கு 45 ரூபாய் கட்ட வேண்டும். சாதாரண வரியைவிட அதிகம் வாங்குவதால் இது மன்னிப்பு அல்ல என்று அரசு சொன்னது. 1997-ல் நேர்மையானவரைவிடக் குறைவாகக் கட்டித் தப்பித்தார்கள். 2016-ல் அதிகமாகக் கட்ட வேண்டி வந்தது. அந்த அளவுக்கு முன்னேற்றம்தான். ஆனாலும் "காத்திருந்தால் ஒரு நாள் கதவு திறக்கும்" என்ற எண்ணம் ஏமாற்றுபவர் மனதில் இருக்கத்தான் செய்யும்.

சுந்தர் நகரியில் நடந்தது

இப்போது வாங்கிய பணத்தைத் திருடுவதைப் பார்ப்போம். அது டில்லியிலேயே நடந்த கதை. நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

2001-ல் டில்லியில் தகவல் பெறும் உரிமைச் சட்டம் வந்தது. அரசு அலுவலகத்தில் உள்ள கணக்குகளை மக்கள் கேட்டு வாங்கலாம் என்றது அந்தச் சட்டம்.

கிழக்கு டில்லியில் சுந்தர் நகரி, சீமாபுரி என்ற பகுதிகள் இருக்கின்றன. உழைக்கும் மக்கள் வாழும் இடம். அங்கே பரிவர்த்தன் என்ற அமைப்பு வேலை செய்தது. மாநகராட்சி அந்தப் பகுதியில் என்னென்ன வேலை செய்தது என்று அவர்கள் இந்தச் சட்டப்படி கேட்டார்கள். அலைந்து திரிந்து கடைசியில் 68 வேலைகளின் ஒப்பந்த நகல்களை வாங்கினார்கள். மொத்த மதிப்பு 1 கோடியே 30 லட்சம் ரூபாய்.

பிறகு அந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். மக்களைக் கூட்டி வைத்துச் சத்தமாகப் படித்தார்கள். "இந்தத் தெருவில் சாக்கடை கட்டியதாக எழுதியிருக்கிறது. இருக்கிறதா?" "இங்கே கைப்பம்பு வைத்ததாக எழுதியிருக்கிறது. எங்கே?" மக்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்துப் பதில் சொன்னார்கள்.

2002 டிசம்பரில் பொதுமக்கள் முன்னால் விசாரணை நடந்தது. இந்தியில் இதை ஜன் சுன்வாய் என்பார்கள். ராஜஸ்தானில் கிராமத்து உழைப்பாளிகள் 1994 முதல் நடத்திக் காட்டிய முறை இது. சுந்தர் நகரியில் ஒவ்வொரு வேலையாகப் படித்தார்கள். 68 வேலைகளில் 64 வேலைகளில் திருட்டு இருந்தது. 1 கோடியே 30 லட்சத்தில் ஏறக்குறைய 70 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பொருள் இடத்திலேயே இல்லை. காகிதத்தில் மட்டும் இருந்தது.

அதன் பிறகு அந்தப் பகுதி மக்கள் புது வேலை தொடங்கும்போதே ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கினார்கள். பக்கத்தில் நின்று கண்காணித்தார்கள்.

ரேஷன் கடையிலும் இப்படி ஒன்று நடந்தது. கிழக்கு டில்லியில் ஒரு ஏழைப் பெண்ணிடம் அந்த்யோதயா அட்டை இருந்தது. மாதம் 25 கிலோ கோதுமையும் 10 கிலோ அரிசியும் மலிவு விலையில் கிடைக்க வேண்டும். போகும்போதெல்லாம் "சரக்கு வரவில்லை" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். 2003-ல் அந்தப் பெண் ரேஷன் பதிவேட்டின் நகலைக் கேட்டு விண்ணப்பம் போட்டார். நகல் வந்தது. அவருக்கு மாதா மாதம் முழுசாகக் கொடுத்ததாக எழுதியிருந்தது. சாட்சிக்குக் கைநாட்டும் இருந்தது.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியும்! அவர் எப்போதும் கையெழுத்துத்தான் போடுவார்.

கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரு பெண்ணின் பெயரில் கைநாட்டு வைத்ததால் திருட்டு வெளிச்சத்துக்கு வந்தது. படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அப்படியானால் வரியை நிறுத்திவிடலாமா?

இவ்வளவு திருட்டையும் பார்த்தோம். இனி முதல் கேள்விக்கு வருவோம். மற்றவர் ஒப்பந்தத்தை உடைத்துவிட்டார். இனி நான் மட்டும் அதற்குக் கட்டுப்பட வேண்டுமா?

சிலர் சொல்வார்கள்: "காந்தியே உப்பு வரியை எதிர்த்தாரே! நாமும் கட்டாமல் இருந்தால் என்ன?"

உண்மைதான். 1930-ல் காந்தி தண்டிக்கு நடந்து போய் உப்பு எடுத்தார். தமிழ்நாட்டில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அங்கேயும் உப்பு எடுத்துச் சிறைக்குப் போனார்கள்.

ஆனால் இரண்டு வித்தியாசங்களைக் கவனியுங்கள். அந்த வரியைப் போட்டது வெள்ளைக்கார அரசு. அதை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. மாற்றவும் முடியாது. கணக்குக் கேட்கவும் முடியாது. இன்று நம் அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவு, சட்டம் இல்லாமல் எந்த வரியும் போடக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தைச் செய்பவர்களுக்கு ஓட்டுப் போடுபவர்கள் நாம்.

இரண்டாவது வித்தியாசம் இது. அவர்கள் பகல் வெளிச்சத்தில், ஊரறியச் சட்டத்தை மீறினார்கள். அடி வாங்கினார்கள். சிறைக்குப் போனார்கள். இன்று வரி ஏய்ப்பவர் ரகசியமாகச் செய்கிறார். அரசு போட்ட ரோட்டில் காரில் போகிறார். இதைப் போராட்டம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் யோசியுங்கள். நான் வரி கட்டாவிட்டால் யாருக்கு நஷ்டம்? ஒப்பந்தப் பணத்தைத் திருடியவருக்கா? அவர் பங்கு அவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். குறைவது மருந்தும் மாத்திரையும்தான். குறைவது பள்ளிக்கூடத்து வாத்தியார் எண்ணிக்கைதான். வசதி உள்ளவர் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவார். பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்ப்பார். நாம் எங்கே போவது?

அதனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் வரி கட்டுவது அமைச்சருக்காக அல்ல. அதிகாரிக்காகவும் அல்ல. பிரசவ வார்டில் படுத்திருக்கும் பெண்ணுக்காகவும், ரேஷன் வரிசையில் நிற்கும் கிழவருக்காகவும் கட்டுகிறோம். நம் ஒப்பந்தம் அவர்களோடுதான். அவர்கள் நம்மை ஏமாற்றவில்லை. ஒருவன் நடுவில் புகுந்து திருடினான் என்பதற்காக நாம் அவர்களைக் கைவிடக் கூடாது.

பொருளாளர் திருவிழாப் பணத்தைத் தின்றுவிட்டால் ஊர் என்ன செய்யும்? "இனிமேல் திருவிழாவே வேண்டாம்" என்று சொல்லுமா? சொல்லாது. ஆலமரத்தடியில் கூடி, "கணக்கை வை" என்று கேட்கும். பொருளாளரை மாற்றும்.

மேலும், நம்மைப் போன்றவர்களால் வரியை நிறுத்தவே முடியாது. சோப்பு வாங்காமல் இருக்க முடியுமா? கட்டித்தான் ஆக வேண்டும். கட்டிவிட்டுச் சும்மா இருந்தால் அப்போதுதான் ஏமாளி. கட்டிவிட்டுக் கணக்குக் கேட்டால் நாம் குடிமக்கள்.

ஆயிரம் வருடத்துக்கு முன்பே

கணக்குக் கேட்பது புதுப் பழக்கம் அல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டியது. ஊர் வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலை முறையில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறது.

அதில் ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது.

அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. பெண்களுக்கு இடமில்லை. நிலமும் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம். இன்று நம் எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது. கணக்குக் கேட்பதிலும் அவர்களைவிட நாம் முன்னே போக வேண்டாமா?

எப்படிக் கேட்பது?

2005 அக்டோபர் 12 முதல் தகவல் பெறும் உரிமைச் சட்டம் நாடு முழுவதுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு அரசு அலுவலகத்திலும் இதற்கென்று ஒரு பொதுத் தகவல் அதிகாரி இருக்க வேண்டும்.

ஒரு வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதுங்கள். உங்கள் பெயர், முகவரி எழுதுங்கள். என்ன தகவல் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். "எங்கள் தெருச் சாக்கடை ஏன் சரியில்லை?" என்று எழுதாதீர்கள். "எங்கள் தெருவில் சென்ற ஆண்டு செய்த சாக்கடை வேலைக்கான ஒப்பந்தத்தின் நகல் வேண்டும்" என்று எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

மத்திய அரசு அலுவலகத்தில் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அதற்கான சான்றைக் காட்டினால் கட்டணம் இல்லை. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல் அதிகாரியிடம் முறையீடு செய்யலாம்.

டில்லி அலுவலகங்களுக்கு இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். இந்தி எழுதத் தெரிந்த பிள்ளைகளின் உதவியைக் கேளுங்கள். எழுதவே தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

தனியாகக் கேட்டால் மிரட்டல் வரலாம். ரேஷன் கணக்குக் கேட்டவர்களை டில்லியிலேயே தாக்கியிருக்கிறார்கள். அதனால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். மகளிர் குழுவாகக் கேளுங்கள். ஒரு தெருவே சேர்ந்து கேட்டால் யாரை மிரட்டுவார்கள்?

சின்ன வேலைகளிலிருந்தும் தொடங்கலாம். கடையில் பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் வரி எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். ரேஷனில் எவ்வளவு எடை போட்டார்கள், எவ்வளவு எழுதினார்கள் என்று பாருங்கள். தெருவில் வேலை நடந்தால் அதற்கு வைத்த பலகையைப் படியுங்கள்.

வரி கட்டுபவர் ஏமாளி அல்ல. அவர் தம் பங்கைக் கொடுத்தவர். பங்கு கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நமக்கு அந்தக் கணக்கைப் படிக்கவும் முடியும்.

பேசிப் பார்ப்போம்

1. இன்று நீங்கள் வாங்கிய பொருள்களில் எவற்றுக்கெல்லாம் வரி இருக்கும்? ஒரு பட்டியல் எழுதுங்கள்.

2. கடைக்காரர் "பில் இல்லாமல் வாங்கினால் விலை குறைவு" என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஏன்?

3. ஏமாற்றியவரை மன்னித்து வரியை மட்டும் வாங்கிக்கொள்வது சரியா? இரண்டு பக்கமும் பேசுங்கள்.

4. உங்கள் தெருவில் சென்ற ஆண்டு நடந்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். அதன் கணக்கைக் கேட்டு எல்லோரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போடுங்கள்.